மாதவிடாய்க்கு முந்தைய தொந்தரவுகளுக்கு வைட்டமின் மாத்திரை: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் ஒரு மருந்துக்கடையில் கவுண்டர் வேலை எனக்கு. தமிழ் பேசுகிற ஆள் நிற்கிறாள் என்று தெரிந்தால் பெண்கள் சற்று ஒதுங்கி வந்து குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "பீரியட்ஸுக்கு முன்னாடி ஒரு வாரம் எரிச்சல், உப்புசம், காரணமே இல்லாத அழுகை. இதுக்கு எந்த வைட்டமின் நல்லது?"

இந்தக் கேள்விக்கான பதில் கீழே ஐந்தாவது படியில்தான் வருகிறது. பெரும்பாலானவர்கள் அங்கேயே தொடங்குகிறார்கள். ஒரே நாளில் மூன்று டப்பா வாங்கி, இரண்டு வாரம் விழுங்கி, "ஒன்றும் கேட்கவில்லை" என்று நிறுத்திவிடுகிறார்கள். மாத்திரையைவிட வரிசைதான் இங்கே முக்கியம்.

1. யார் இதைத் தானாகத் தொடங்கக் கூடாது

கர்ப்பமாக இருப்பவர்கள், கர்ப்பத்துக்கு முயல்பவர்கள், பால் கொடுப்பவர்கள், சிறுநீரகக் கல் வந்தவர்கள், சிறுநீரக நோய் உள்ளவர்கள், இரத்தத்தில் கால்சியம் கூடுதல் என்று எப்போதாவது சொல்லப்பட்டவர்கள் முதலில் டாக்டரையோ கிளினிக் சிஸ்டரையோ பார்க்க வேண்டும். கால்சியமும் மக்னீசியமும் உடலைவிட்டு வெளியேறுவது பெரும்பாலும் சிறுநீரகம் வழியாக. அது சரியாக வேலை செய்யாவிட்டால் சாதாரண அளவே தேங்கிவிடும்.

பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள மகளுக்காகக் கேட்டு வரும் அம்மாக்களுக்கும் இதே பதில். இரண்டாவது, மூன்றாவது படியை வீட்டிலேயே செய்யலாம், அதில் தவறே இல்லை. மாத்திரை மட்டும் கேட்காமல் வேண்டாம்.

உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் ஒவ்வொரு மாதமும் வந்து போகிறது என்றால் இந்த வழிகாட்டியை இங்கேயே மூடிவிடுங்கள். அது வைட்டமின் விஷயம் இல்லை. தென்னாப்பிரிக்காவில் மனநல உதவி தரும் சடாக் அமைப்பின் 0800 567 567 என்ற எண்ணுக்கு அழையுங்கள், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

2. இரண்டு சுழற்சிக்கு நோட்டு எழுதுவது

ஒரு சாதாரணப் பள்ளிக்கூட நோட்டு போதும். போனில் செயலி இருக்கிறது என்பவர்கள் அதில் எழுதலாம். நோட்டுக்கு சார்ஜ் வேண்டாம், லோட்ஷெடிங் மின்வெட்டிலும் வேலை செய்யும்.

இரத்தப்போக்கு தொடங்கும் நாள்தான் முதல் நாள். இங்கேதான் முதல் தடுமாற்றம். தலைக்குக் குளித்த நாளிலிருந்து எண்ணும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அப்படி எண்ணினால் எல்லாத் தேதியும் நாலைந்து நாள் நகர்ந்து, கடைசியில் கணக்கே உதவாது.

உங்களை அதிகம் படுத்தும் ஐந்து தொந்தரவுகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். சிடுசிடுப்பு, அழுகை, வயிற்று உப்புசம், மார்பு கனத்து வலிப்பது, தூக்கக் கேடு, தலைவலி, இனிப்பின் மேல் அடங்காத ஆசை எனப் பட்டியல் நீளமாகப் போகும். ஐந்துக்கு மேல் எடுத்தால் ஒரு வாரத்தில் சலித்துவிடும்.

தினமும் படுக்கப் போகும்முன் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுங்கள். இல்லை என்றால் 0. இருக்கிறது, ஆனால் வேலையைக் கெடுக்கவில்லை என்றால் 1. வேலையைக் கெடுத்தது என்றால் 2. வேலைக்கே போக முடியவில்லை, அல்லது வீட்டில் பெரிய சண்டையாகிவிட்டது என்றால் 3.

நல்லாயிருக்கும் நாட்களிலும் எழுத வேண்டும். இதைச் சொன்னால் பலர் சிரிப்பார்கள், "ஒண்ணுமில்லாத நாளில் என்ன எழுதறது?" என்று. அந்தப் பூஜ்யங்கள்தான் பின்னால் தீர்ப்புச் சொல்லப் போகின்றன.

மாதக் கடைசியில் உட்கார்ந்து நினைவிலிருந்து நிரப்பாதீர்கள். மோசமான நாள் மனதில் பெரிதாக நிற்கும், சாதாரண நாள் காணாமல் போகும். டாக்டர்களும் இரண்டு சுழற்சிக்கு அன்றன்று எழுதிய பதிவைத்தான் கேட்கிறார்கள்.

நோட்டில் ஓரமாக இன்னும் சில விஷயங்களைக் குறியுங்கள்: இரவு வேலை, தீபாவளி, டிசம்பர் விடுமுறை, விரதம், காய்ச்சல். காவடிக்கோ கல்யாணத்துக்கோ தேதி தள்ளிப்போக நோரெதிஸ்டிரோன் மாத்திரை எடுத்த மாதத்தைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். அந்த மாத்திரையே உப்புசமும் எரிச்சலும் கொடுக்கக் கூடியது.

கிளினிக்கில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கருத்தடை ஊசி போடுபவர்களில் பலருக்கு மாதவிடாயே ஒழுங்காக வராது. அவர்களுக்கு முதல் நாள் என்று ஒன்று கிடைக்காது. காலண்டர் தேதியையும் ஊசி போட்ட தேதியையும் வைத்து எழுதுங்கள். தொந்தரவு ஊசிக்குப் பின்னால்தான் தொடங்கியது என்று தெரிந்தால், வைட்டமினுக்கு முன் ஊசியைப் பற்றிப் பேச வேண்டும்.

3. நோட்டு என்ன சொல்கிறது என்று பார்ப்பது

இரண்டு வாரங்களை மட்டும் ஒப்பிடப் போகிறோம். ஒன்று, சுழற்சியின் 6-ஆம் நாள் முதல் 12-ஆம் நாள் வரை. மற்றது, அடுத்த இரத்தப்போக்குக்கு முந்தைய ஏழு நாட்கள். ஒவ்வொரு வாரத்தின் மதிப்பெண்களையும் கூட்டுங்கள். ஐந்து தொந்தரவு, ஏழு நாள், அதிகபட்சம் 3 என்பதால் ஒரு வாரத்துக்கு 105-க்கு மேல் போகாது.

முந்தைய வாரம் 52, நல்ல வாரம் 14 என்று இரண்டு சுழற்சியிலும் வருகிறது என்று வையுங்கள். பிஎம்எஸ் எனப்படும் மாதவிடாய்க்கு முந்தைய தொந்தரவின் வடிவம் இதுதான்: கடைசி வாரத்தில் ஏறும், இரத்தப்போக்கு தொடங்கிய சில நாளில் இறங்கும், நடுவில் நிம்மதி இருக்கும்.

முந்தைய வாரம் 50, நல்ல வாரம் 40 என்றால் கதை வேறு. மாதம் முழுக்க ஏதோ இருக்கிறது, கடைசி வாரத்தில் கொஞ்சம் கூடுகிறது. மனச்சோர்வு, தைராய்டு, இரத்தசோகை, நாற்பதைத் தாண்டியவர்களுக்கு மாதவிடாய் நிற்கப் போகும் காலத்தின் மாற்றம் எனப் பல காரணம் இருக்கலாம். இவர்கள் கால்சியம் டப்பாவை வைத்துவிட்டு இரத்தப் பரிசோதனைக்குப் போவது நல்லது. ஏற்றம் 30 சதவீதத்துக்கும் குறைவு என்றால் அதைப் பிஎம்எஸ் என்று நான் எடுத்துக்கொள்வதில்லை.

முதல் நாள், இரண்டாம் நாள் வரும் இடுப்பு வலியையும் அடிவயிற்றுப் பிடிப்பையும் இதோடு சேர்க்காதீர்கள். அது இரத்தப்போக்கோடு வரும் வலி, அதற்கு வழி வேறு. "வைட்டமின் கேட்கவில்லை" என்று திரும்பி வருபவர்களில் பலர் உண்மையில் அந்த வலிக்குத்தான் மருந்து தேடியிருப்பார்கள்.

4. வீட்டில் இருப்பதையெல்லாம் மேசைக்குக் கொண்டுவருவது

புதிதாக எதையும் வாங்கும்முன் செய்ய வேண்டியது இது. சமையலறை அலமாரி, கைப்பை, ஃபிரிட்ஜ் கதவு எல்லாவற்றிலும் இருக்கும் மாத்திரைகளை ஒரே இடத்தில் வையுங்கள். மல்டிவைட்டமின், முடிக்கும் நகத்துக்கும் வாங்கியது, தண்ணீரில் கரைத்துக் குடிப்பது, ஜிம்முக்குப் போகும் மகனின் பொடி, எனர்ஜி டிரிங்க் டின் எல்லாமே கணக்கு.

ஒவ்வொன்றிலும் வைட்டமின் பி6 எவ்வளவு என்று பார்த்துக் கூட்டுங்கள். லேபிளில் பைரிடாக்சின் என்று எழுதியிருப்பதும் அதேதான். பி6 எதிர்பாராத இடத்திலெல்லாம் ஒளிந்திருக்கும். "ஸ்ட்ரெஸ்", "எனர்ஜி", "பிஎம்எஸ்" என்று பெயர் வைத்த டப்பாக்களில் பெரும்பாலும் இருக்கும். காசநோய்த் தடுப்புக்கு ஐசோனியாசிட் எடுப்பவர்களுக்குக் கிளினிக்கே பி6 சேர்த்துக் கொடுக்கும். அதன் மேல் இன்னொரு டப்பா தேவையில்லை.

அடுத்து, டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துகள். இவற்றில் சில கால்சியம், மக்னீசியம், இரும்பு ஆகியவற்றோடு சேர்ந்தால் உடலுக்குள் போகாமல் குடலிலேயே கட்டுண்டுவிடும்.

தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் கால்சியத்தையும் இரும்பையும் நான்கு மணி நேரம் தள்ளி எடுக்க வேண்டும். காலையில் தைராய்டு மாத்திரை, மதியமும் இரவும் கால்சியம் என்று வைத்துக்கொள்வது எளிது.

எச்ஐவிக்கான டிஎல்டி மாத்திரை எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். அதிலுள்ள டோலுடெக்ராவிர், வெறும் வயிற்றில் கால்சியத்தோடோ இரும்போடோ சேர்ந்தால் இரத்தத்தில் போதிய அளவு ஏறாது. சாப்பாட்டோடு என்றால் கால்சியத்தைச் சேர்த்து எடுக்கலாம். மக்னீசியம் விஷயத்தில் சாப்பாடும் காப்பாற்றாது. டிஎல்டி எடுத்து இரண்டு மணி நேரம் கழித்து மக்னீசியம், அல்லது மக்னீசியம் எடுத்து ஆறு மணி நேரம் கழித்து டிஎல்டி. கவுண்டரில் எல்லார் முன்னாலும் இதைக் கேட்கச் சங்கடமாக இருந்தால், பார்மசிஸ்டிடம் தனி அறையில் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

இரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் மாத்திரை எடுப்பவர்களுக்கு அது கால்சியத்தை உடலில் பிடித்து வைக்கும். கேட்காமல் தொடங்காதீர்கள். வலிப்புக்கு ஃபெனிடாயின் எடுப்பவர்களுக்கு அதிக அளவு பி6, இரத்தத்தில் அந்த மருந்தின் அளவைக் குறைத்துவிடக் கூடும். டாக்ஸிசைக்கிளின், சிப்ரோஃப்ளாக்ஸசின் போன்ற ஆன்டிபயாட்டிக் எடுக்கும் நாட்களில் கால்சியத்தை நிறுத்திவைப்பதுதான் தலைவலி இல்லாத வழி.

5. முதலில் கால்சியம், அது மட்டும்

பிஎம்எஸ் விஷயத்தில் வைட்டமின், தாது வகைகளுக்குள் எனக்கு அதிக நம்பிக்கை தருவது கால்சியம். 1998-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 466 பெண்களின் பதிவைப் பார்த்தார்கள். ஒரு பகுதியினருக்குத் தினம் 1200 மி.கி. கால்சியம், மற்றவர்களுக்கு அதே மாதிரி தோற்றமுள்ள, மருந்தில்லாத வெறும் மாத்திரை. மூன்றாவது சுழற்சியில் கால்சியம் எடுத்தவர்களுக்குத் தொந்தரவு 48 சதவீதம் குறைந்தது. வெறும் மாத்திரை எடுத்தவர்களுக்கு 30 சதவீதம் குறைந்தது.

அந்த 30-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏழாவது படியில் தேவைப்படும்.

மாத்திரைக்கு முன் சாப்பாட்டையும் ஒரு கண் பாருங்கள். 19 முதல் 50 வயது வரை பெண்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மி.கி. கால்சியம் வேண்டும். ஒரு பெரிய டம்ளர் பாலில் ஏறக்குறைய 300 மி.கி. இருக்கும். மாஸ் என்ற இந்த ஊர்ப் புளித்த பால், தயிர், டின்னில் வரும் பில்ச்சர்ட் மீன் எல்லாம் நல்லவை. மீனில் மென்மையான எலும்பையும் சேர்த்துச் சாப்பிட்டால்தான் பலன். அதை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். சாட்ஸ்வர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட்டில் வாங்கும் கீரைகளில் கொஞ்சம் கிடைக்கும், ஆனால் எல்லாக் கீரையிலிருந்தும் உடல் அதை எடுத்துக்கொள்ளாது. பசலை வகைகளில் இருக்கும் ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும்.

தினம் பால், மாஸ், மீன் என்று சேர்ப்பவர்களுக்கு ஒரு வேளை 500 மி.கி. மாத்திரை போதும். பாலே பக்கத்தில் வராதவர்களும் புரட்டாசி முழுக்க மீனை விட்டவர்களும் 500 மி.கி. இரண்டு வேளை எடுக்கலாம். சாப்பாடு, மாத்திரை எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 2500 மி.கி.-ஐத் தாண்டக் கூடாது.

லேபிளைப் படிப்பதில்தான் மிக அதிகமான தவறு நடக்கிறது. டப்பாவின் முகப்பில் "1250" என்று பெரிதாக எழுதியிருக்கும். அது கால்சியம் கார்பனேட் என்ற உப்பின் எடை. அதில் 40 சதவீதம்தான் கால்சியம், அதாவது 500 மி.கி. சிட்ரேட் என்றால் ஏறக்குறைய 21 சதவீதம் மட்டுமே. டப்பாவைத் திருப்பி, எலமெண்டல் கால்சியம் என்ற வரியைத் தேடுங்கள். எண்ண வேண்டியது அந்த எண்ணைத்தான்.

கார்பனேட்டா, சிட்ரேட்டா என்று கேட்பவர்களுக்கு: கார்பனேட் விலை குறைவு, மாத்திரை எண்ணிக்கையும் குறைவு, ஆனால் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். அது கரைய வயிற்று அமிலம் தேவை. வயிற்று எரிச்சலுக்கு ஒமெப்ரசோல் மாதிரி அமிலத்தைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் சிட்ரேட் வாங்குவது நல்லது. அதை வெறும் வயிற்றிலும் எடுக்கலாம். கார்பனேட்டால் மலச்சிக்கல் வருபவர்களும் சிட்ரேட்டுக்கு மாறலாம்.

தண்ணீரில் நுரைத்துக் கரையும் வகையை நான் பரிந்துரைப்பதில்லை. அந்த நுரைக்காகச் சேர்க்கும் பொருளில் சோடியம் நிறைய. உப்புசத்துக்கு மருந்து தேடி வந்தவர் தினம் உப்பைக் கூட்டிக்கொள்வதில் என்ன பயன்? மிட்டாய் மாதிரி மெல்லும் வகைகளில் கால்சியம் அளவு பெரும்பாலும் குறைவு, சர்க்கரை உண்டு.

இன்னொன்று. "இந்தப் பதிவு செய்யப்படாத மருந்தின் தரம், பாதுகாப்பு, பயன் ஆகியவற்றைச் சாப்ரா மதிப்பிடவில்லை" என்ற பொருளில் ஒரு வரி பல டப்பாக்களில் சிறிய எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கும். சாப்ரா என்பது தென்னாப்பிரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு. அந்த வரி இருந்தால் பொருள் கெட்டது என்று அர்த்தமில்லை. முகப்பில் எழுதியிருக்கும் வாக்குறுதிகளை அந்த அமைப்பு சரிபார்க்கவில்லை என்று அர்த்தம். ஆகவே முகப்பை விட்டுவிட்டு, பின்பக்க அளவுகளை மட்டும் படியுங்கள். கிளிக்ஸ், டிஸ்கெம் போன்ற கடைகளில் அவர்களுடைய சொந்தப் பெயரில் விற்கும் சாதாரணக் கால்சியமும் விலை கூடிய டப்பாவும் கால்சியம் அளவில் ஒன்றாக இருந்தால், மலிவானதை வாங்குங்கள்.

"பிஎம்எஸ் ஃபார்முலா" என்று பத்துச் சரக்கு கலந்த டப்பாவை இந்தக் கட்டத்தில் வேண்டாம் என்பேன். குணமானால் எதனால் என்று தெரியாது. தோலில் அரிப்பு வந்தாலும் எதனால் என்று தெரியாது.

6. நேரம் வகுப்பது

ஒரே வேளையில் 500 மி.கி.-க்கு மேல் விழுங்கினால் குடல் அதில் குறைவான பங்கைத்தான் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் பிரித்து எடுக்கச் சொல்கிறோம். காலைச் சாப்பாட்டோடு ஒன்று, இரவுச் சாப்பாட்டோடு ஒன்று. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் மேலே சொன்னபடி மதியமும் இரவும்.

இரும்பு மாத்திரை எடுப்பவர்கள் அதைக் கால்சியத்திலிருந்து விலக்கி வையுங்கள். கால்சியம் இரும்பை உள்ளே விடாது. டீயும் விடாது. இரும்பை நடுப்பகலில் ஓர் ஆரஞ்சுப் பழத்தோடு எடுத்தால் இரண்டிலிருந்தும் தப்பிக்கலாம். டீ இல்லாமல் முடியாது என்பவர்கள் அந்த வேளைக்கு ரூய்போஸ் மூலிகைத் தேநீர் குடிக்கலாம், அதில் இரும்பைத் தடுக்கும் டானின் குறைவு.

விரத நாட்களில் பகலில் சாப்பிடாதவர்கள் வெறும் வயிற்றில் கார்பனேட் விழுங்க வேண்டாம். விரதம் முடித்துச் சாப்பிடும்போது ஒன்று, அவ்வளவுதான். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளையில் இரண்டாகப் போடாதீர்கள்.

மாதம் முழுக்கத் தினமும் எடுக்க வேண்டும். தொந்தரவு வரும் வாரத்தில் மட்டும் தலைவலி மாத்திரை மாதிரி எடுப்பது இரண்டாவது பெரிய தவறு. மேலே சொன்ன ஆய்விலும் தினசரி எடுத்துத்தான் பலன் கண்டார்கள்.

7. மூன்று சுழற்சி காத்திருந்து கணக்குப் பார்ப்பது

நோட்டை நிறுத்தாதீர்கள். மாத்திரை தொடங்கியதும் நோட்டைத் தூக்கிப்போடுபவர்கள் அதிகம், அப்புறம் "கொஞ்சம் பரவாயில்லை போலிருக்கு" என்ற அளவில்தான் பதில் வரும்.

முதல் சுழற்சியில் பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம். மூன்றாவது சுழற்சியின் கடைசி வாரக் கூட்டலை எடுத்து, மாத்திரைக்கு முன் எழுதிய இரண்டு சுழற்சிகளின் கடைசி வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள்.

முன்பு 52, இப்போது 26 என்றால் நன்றாகக் கேட்டிருக்கிறது. முன்பு 52, இப்போது 42 என்றால் அதை மாத்திரையின் கணக்கில் எழுத மாட்டேன். வெறும் மாத்திரை எடுத்தவர்களுக்கே 30 சதவீதம் இறங்கியது நினைவிருக்கிறதா? மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான இறக்கம், நோட்டு எழுதியதாலும் கவனித்துக்கொண்டதாலும்கூட வந்திருக்கலாம். அதுவும் நல்லதுதான், ஆனால் அதற்காக மாதாமாதம் காசு செலவழிக்க வேண்டாம்.

மூன்றாவது சுழற்சி டிசம்பரில் வந்து விழுந்தால் இன்னொரு சுழற்சி பொறுங்கள். விடுமுறை, விருந்து, தூக்கமின்மை, மது எல்லாம் மதிப்பெண்ணைக் குழப்பிவிடும்.

நன்றாகக் கேட்டவர்கள் தொடரலாம். ஆறு மாதம் போல் ஆனதும் ஒரு சுழற்சிக்கு நிறுத்திப் பாருங்கள். தொந்தரவு திரும்பினால் மறுபடி தொடங்குங்கள். திரும்பாவிட்டால் பணம் மிச்சம்.

8. போதாதென்றால் வைட்டமின் பி6, மிகக் கவனமாக

1999-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 940 பெண்கள் கலந்துகொண்ட ஒன்பது ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. தினம் 100 மி.கி. வரையிலான பி6 பிஎம்எஸ்ஸுக்கு உதவக்கூடும் என்று சொன்னது, கூடவே அந்த ஆய்வுகளின் தரம் குறைவு என்றும் சொன்னது. பழைய பத்திரிகைக் குறிப்புகளில் நீங்கள் படிக்கும் 50, 100 என்ற எண்கள் இந்தக் காலத்தவை.

அப்புறம் எச்சரிக்கை கூடியது. அதிக அளவு பி6 நீண்ட நாள் எடுத்தால் நரம்பு பாதிக்கும். பாதத்தில் மரத்துப்போதல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, நடையில் தடுமாற்றம் என்று அது தொடங்கும். பிரிட்டனில் டாக்டர் சொல்லாமல் 10 மி.கி.-க்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023-இல் பெரியவர்களுக்கான உச்ச அளவை 12 மி.கி. ஆக்கியது. அமெரிக்காவில் இன்னமும் 100 மி.கி. என்றே இருக்கிறது. உடலுக்கு அன்றாடம் தேவைப்படுவதோ 1.3 மி.கி. அளவுதான்.

என் பேச்சைக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது: எல்லா டப்பாக்களையும் சேர்த்து 10 மி.கி. வரை நீங்களே எடுக்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் டாக்டரைக் கேட்டு, எத்தனை மாதம் என்று முடிவு தேதியோடு எடுங்கள். மரத்துப்போதல் தொடங்கினால் அன்றைக்கே நிறுத்துங்கள், "இது சர்க்கரையாலோ என்னவோ" என்று தள்ளிப்போடாதீர்கள். நிறுத்தினால் பெரும்பாலும் மெல்லச் சரியாகும், ஆனால் சிலருக்கு நெடுநாள் நீடிக்கும்.

"அசதிக்கு" என்று போடும் வைட்டமின் பி காம்ப்ளெக்ஸ் ஊசியிலும் பி6 உண்டு. ஊசி என்பதால் கணக்கில் வராது என்று நினைக்க வேண்டாம்.

பி6 தொடங்கும்போதும் அதே முறைதான்: கால்சியத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும், நோட்டு எழுத வேண்டும், மூன்று சுழற்சி பார்க்க வேண்டும்.

9. உப்புசமே முக்கியப் பிரச்சினை என்றால் மக்னீசியம்

சிறிய ஆய்வுகளே இருக்கின்றன. நீர் கோத்து உடல் கனப்பது, மார்பு வீங்குவது ஆகியவற்றுக்குத் தினம் 200 மி.கி. அளவில் இரண்டாவது சுழற்சியிலிருந்து கொஞ்சம் பலன் தெரிந்தது. பி6-ஐவிட இதை முதலில் பார்க்கலாம் என்பது என் சாய்வு, காரணம் தவறினால் வரும் கேடு சிறியது. அதிகமானால் வயிற்றுப்போக்கு வந்து தானே சொல்லிவிடும்.

ஆக்ஸைடு வகை மலிவு, ஆனால் உடலில் சேர்வது குறைவு, வயிற்றையும் இளக்கும். சிட்ரேட், கிளைசினேட் சற்றுச் சாது. மாத்திரையிலிருந்து 350 மி.கி.-க்கு மேல் வேண்டாம். சிறுநீரக நோயாளிகளுக்கு இது கூடவே கூடாது.

10. மற்ற டப்பாக்கள், சுருக்கமாக

வைட்டமின் டி: பிஎம்எஸ்ஸுக்கு என்று உறுதியான பலன் இல்லை. இரத்தத்தில் குறைவு என்று தெரிந்தால் அதற்காக எடுங்கள். டாக்டர் வாரம் ஒன்று என்று எழுதும் 50,000 யூனிட் மாத்திரையைத் தினமும் விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். இந்தத் தவறு ஆபத்தானது, கால்சியத்தோடு சேர்ந்தால் இன்னும் ஆபத்து.

ஈவ்னிங் பிரிம்ரோஸ் எண்ணெய்: நிறைய விற்கிறது. வெறும் மாத்திரையைவிட மேல் என்று ஆய்வுகளில் நிலைநாட்டப்படவில்லை. வாங்காதீர்கள் என்று கவுண்டரில் நின்றுகொண்டே சொல்கிறேன்.

வைட்டமின் ஈ: மார்பு வலிக்குச் சிலர் எடுப்பார்கள், ஆதாரம் பலவீனம். வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு இரத்தக்கசிவு ஆபத்து.

இரும்பு: பிஎம்எஸ் மருந்து இல்லை. இரத்தப்போக்கு அதிகம், மூச்சு வாங்குகிறது என்றால் பரிசோதித்துவிட்டு எடுங்கள்.

பயோட்டின்: முடிக்கு என்று எடுப்பது. இது தைராய்டு முதலான சில இரத்தப் பரிசோதனைகளின் முடிவைப் பொய்யாக்கிவிடும். பரிசோதனைக்குப் போகும்முன் எடுக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

வைட்டெக்ஸ் என்ற மூலிகை: சில ஆய்வுகளில் பலன் தெரிந்தது. ஆனால் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் குழந்தைக்கு முயல்பவர்களுக்கும் ஏற்றதில்லை.

செயின்ட் ஜான்ஸ் வோர்ட்: மனம் லேசாகும் என்று வாங்குவார்கள். கருத்தடை மாத்திரை, கையில் வைக்கும் இம்பிளான்ட், டோலுடெக்ராவிர் மூன்றின் வேலையையும் இது குறைக்கும். மனச்சோர்வு மருந்தோடு சேரவே கூடாது.

முத்தி கடையில், அதாவது ஆப்பிரிக்க நாட்டு மருந்துக்கடையில், பாட்டிலில் விற்கும் இம்பிஸா என்ற மூலிகைக் கஷாயத்தில் என்ன இருக்கிறது என்று லேபிளில் தெரியாத வரை, இந்தச் சோதனை நடக்கும் மாதங்களில் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

11. நோட்டோடு டாக்டரிடம் போவது

கால்சியம் மூன்று சுழற்சி, வேண்டுமானால் இன்னொன்று மூன்று சுழற்சி. அதற்கு மேலும் கடைசி வாரங்களில் 3, 3 என்று வரிசையாக நிற்கிறது, வேலை போகிற நிலை, வீட்டில் பேச்சுவார்த்தையே இல்லை என்றால் நான்காவது டப்பா வாங்காதீர்கள். இதன் கடுமையான வடிவத்துக்குப் பிஎம்டிடி என்று பெயர். அதற்கு எஸ்எஸ்ஆர்ஐ வகை மனச்சோர்வு மருந்துகளும் சிலவகைக் கருத்தடை மாத்திரைகளும் நன்றாகக் கேட்கும். மனச்சோர்வு மருந்தை மாதத்தின் பாதி நாட்களுக்கு மட்டும் எடுக்கும் முறையும் உண்டு என்று கேட்டதும் பலருக்கு ஆச்சரியம்.

கிளினிக்கில் வரிசை நீளம், சிஸ்டருக்கு நேரம் குறைவு. அதனால் நோட்டு முழுவதையும் நீட்டாமல் முதல் பக்கத்தில் நாலு வரி எழுதிக்கொண்டு போங்கள்: கடைசி மாதவிடாய்த் தேதி, நல்ல வாரக் கூட்டல், முந்தைய வாரக் கூட்டல், எடுத்த மாத்திரையின் பெயர், அளவு, எத்தனை மாதம். கருத்தடை ஊசியோ இம்பிளான்டோ இருந்தால் அதன் தேதியும். காலி டப்பாக்களையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். வாயால் சொல்வதைவிட லேபிளைப் பார்த்தால் அவர்களுக்குச் சீக்கிரம் புரியும்.